பிராங்க்ளின் காய்ச்சிய கடைசி பீர்

பதினோரு வருஷமாகச் சொட்டு மதுவைத் தொடாத மனுஷன் வீட்டுக்குள், பட்டப்பகலில், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண் ஒருத்தி ரெண்டு பீர் கேனோடு வந்து நின்றாள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகணும். தீபாவளிக்கு மறுநாள், பொன்மலைப்பட்டியில், சகாயநாதன் வீட்டில் நடந்தது அதுதான்.

வந்தவள் பெயர் வைஷ்ணவி. பெங்களூரில் சகாயநாதன் மகன் பிராங்க்ளினோடு ஒரே இடத்தில் வேலை பார்த்தவள். அது சின்ன பீர் ஆலை. பெரிய கம்பெனிக்காரர்கள் மாதிரி லாரி லாரியாக ஏற்றாமல், விதவிதமான ருசியில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி விற்கிற இடம். காய்ச்சுவது பிராங்க்ளின் வேலை. காய்ச்சினதை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிப்பது இவள் வேலை.

"எங்காத்துல நான் ஏதோ ஜூஸ் கம்பெனில வேலை பாக்கறேன்னு நெனச்சிண்டிருக்கா, ஆன்ட்டி. தயவு பண்ணி யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ. ஓசூர் செக்போஸ்ட்ல பஸ்ஸை நிறுத்தினப்போ என் உசிரே போயிடுத்து" என்று சொல்லிவிட்டு, தானே சிரிக்கப் பார்த்தாள். சுவரில் மாலை போட்டிருந்த போட்டோவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

போட்டோவில் பிராங்க்ளின். ஆகஸ்ட் மாசம், ஓசூர் ரோட்டில், நல்ல மழையில், ஸ்கூட்டரோடு லாரிக்கு அடியில் போனான். இருபத்தொன்பது வயசு. ஒரே பிள்ளை. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச அந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது.

வைஷ்ணவி பையிலிருந்து ரெண்டு கேனையும் எடுத்து டீப்பாய் மேல் வைத்தாள். அச்சடித்த படம் எதுவும் இல்லை. வெள்ளைத் தாள் ஒட்டி, மார்க்கரில் 'பைனாப்பிள் புட்டிங் சவர்' என்று எழுதியிருந்தது.

"இது பிராங்க்ளின் கடைசியா காய்ச்சினது, அங்கிள். ஜூலை கடைசில டாங்க்ல விட்டான். முதிர்ந்து கேன்ல அடைக்கறதுக்குள்ள..." என்று இழுத்தாள். "முழுசா ஆனதை அவன் ருசியே பாக்கல."

"பீர்ல புட்டிங் எங்கேம்மா வந்துச்சு?" என்று கேட்டார் சகாயநாதன்.

"சவர்னா புளிப்பு பீர். இப்போ அப்படித்தான் அங்கிள். சாப்பிட்டு முடிச்சப்புறம் ஒரு ஸ்வீட் சாப்பிடுவோமே, அதை நெனச்சுப் பண்றது. கேரட் அல்வா மாதிரி ஒருத்தர் பண்றார், எலுமிச்சம்பழக் கேக் மாதிரி ஒருத்தர் பண்றார். பால்ல போட்டா தயிராக்குது பாருங்க, அதே ஜாதி கிருமியை விட்டு முதல்ல புளிக்க வைப்போம். அப்புறம் பழம், பால்லேருந்து எடுத்த சர்க்கரை எல்லாம் சேரும். பிராங்க்ளின், ஆன்ட்டி பண்ற பைனாப்பிள் புட்டிங்கைக் கொண்டு வரணும்னு ஒரு வருஷமா அலைஞ்சான். மூணு தடவை காய்ச்சி, மூணு தடவையும் 'இது எங்க வீட்டு ருசி இல்ல'ன்னு சாக்கடைல விட்டான்."

சமையலறை வாசலில் நின்றிருந்த பிராங்க்ளினின் அம்மா லூர்துராணி அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"என் புட்டிங் புளிக்காது."

"ஆன்ட்டி..."

"வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்குச் செய்யுறேன். அன்னாசிப்பழத்தைச் சக்கரையிலயும் பட்டையிலயும் வேக வச்சு, ஆற வச்சு, அப்புறம்தான் பால்ல சேக்கணும். புளிச்சா அதுக்குப் பேரு புட்டிங்கா?"

"நாங்களும் அதைத்தான் கேட்டோம் ஆன்ட்டி. 'உங்களுக்குத் தெரியாது, எங்கம்மாவுக்குத் தெரியும்'னான். வேற ஒண்ணும் சொல்லல."

பிறகு அந்தப் பெண் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் அவர்கள் ஒரு தாள் எழுதுவார்களாம். என்று காய்ச்சியது, எவ்வளவு சூடு, எவ்வளவு புளிப்பு, பழம் எத்தனை கிலோ, எல்லாம் பிராங்க்ளினின் கோணல் எழுத்தில் இருந்தது. கடைசிக் கட்டம், ருசி பார்த்துச் சரி என்று சொல்கிற ஆளுக்கு. அந்தக் கட்டத்தில் மட்டும் தமிழில் 'அம்மா' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தான்.

"அங்க எப்பவும் என் பேரைத்தான் எழுதுவான்" என்றாள் வைஷ்ணவி. "டாங்க்ல இருக்கறதை விக்கறதா வேண்டாமான்னு முதலாளி என்னைக் கேக்கறார். நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும். சரியா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சகாயநாதன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நான் குடிச்சுக் கெட்டவன்னு சொல்லியிருக்கானாம்மா?"

"நீங்க நிறுத்தினதைத்தான் அங்கிள் எல்லார்கிட்டயும் சொல்லுவான். அதனாலதான் இதைக் கொண்டு வரலாமா கூடாதான்னு ரெண்டு வாரமா மண்டையைப் பிச்சிண்டேன்."

காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாள், பாவம்.

கேட் கொக்கி மாட்டின சத்தம் கேட்டதோ இல்லையோ, லூர்துராணி ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அதைத் திறக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. கத்தி முனையால் நெம்பித் திறந்து, சிங்க்கில் கவிழ்த்தாள்.

"லூர்து! என்னடி பண்றே!"

"செத்தும் என்னை வம்புக்கு இழுக்குறான் பாருங்க! நான் கையெழுத்துப் போடணுமாம். நான்! எந்த ஒயின்ஷாப்பை எடுக்கச் சொல்லி நாலு நாள் ரோட்டுல உக்காந்தேனோ, அந்தச் சனியனுக்கு நான் சரின்னு சொல்லணுமாம்!"

சொல்லி முடிக்கவில்லை, சிங்க்கிலிருந்து வாசம் எழுந்து வந்தது. சாராய வாசம் என்று ரெண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். வந்தது பழுத்த அன்னாசி வாசம். அதற்கு அடியில் பட்டை, இன்னும் ஏதோ ஒரு பால் வாசம். டிசம்பர் மாசத்துச் சமையலறை அப்படியே அங்கே வந்து நின்றது. லூர்துராணி குழாயைத் திறந்தாள், ரெண்டு சொம்பு தண்ணீர் விட்டாள். வாசம் போகவில்லை.

இன்னொரு கேனை எடுக்க வந்தவளிடமிருந்து சகாயநாதன் அதை வாங்கி, ஃபிரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் வைத்தார். அவள் தடுக்கவில்லை.

லூர்துராணியைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. பட்டவளுக்குத்தான் தெரியும். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த சகாயநாதன் குடித்துத் தீர்த்தது ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, பத்தொன்பது வருஷம். அத்தனையையும் பொறுத்து, ஜெபமாலை உருட்டி, வேளாங்கண்ணிக்கு நடந்து, கடைசியில் மாதா சபைப் பெண்களைத் திரட்டிப் போய், கோயில் தெருமுனையில் இருந்த ஒயின்ஷாப்பை இடம் மாற்ற வைத்தவள் அவள். புருஷன் குடியை விட்டதும், இனி இந்த வீட்டில் அந்தப் பேச்சே இல்லை என்று ஒன்பது வருஷத்துக்கு மேல் நிம்மதியாக இருந்தாள். அந்த நேரம் பார்த்து, உணவுத் தொழில்நுட்பம் படித்த பிள்ளை வந்து, "பீர் காய்ச்சுற வேலை கிடைச்சிருக்கும்மா, எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

"உங்கப்பன் குடிச்சான், நீ காய்ச்சுறியா? அப்படியொரு பொழைப்புப் பொழைக்கிறவன் என் வாசப்படி மிதிக்காத" என்றாள்.

பிள்ளையும் ரோஷக்காரன். அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவன். மிதிக்கவில்லை. பதினாறு மாசம் ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு கிறிஸ்மஸ் அவன் இல்லாமலே வந்து போனது. அப்புறம் ஆகஸ்ட்டில், மிதிக்காதே என்று சொன்ன அதே வாசற்படி வழியாக நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் வேளைக்கு வேளை சோறு தின்றாளோ இல்லையோ, தான் சொன்ன அந்த வார்த்தையைத்தான் தின்றுகொண்டிருந்தாள்.

சரி, சகாயநாதன் கதைக்கு வருவோம். அன்று மதியத்துக்குள் அவர் ஃபிரிட்ஜை ஆறு தடவை திறந்தார். தண்ணிக்கு ஒரு தடவை, ஊறுகாய்க்கு ஒரு தடவை. மிச்ச நாலு தடவைக்குச் சாக்குகூட இல்லை, சும்மா திறந்தார்.

அவர் மனசில் ஓடினது இதுதான். அந்தப் புட்டிங்கின் ருசி தெரிந்த நாக்கு உலகத்தில் மூணே மூணு. ஒன்று மண்ணுக்குள் போயாச்சு. ஒன்று கேனைச் சிங்க்கில் கவிழ்த்துவிட்டது. மிச்சம் இருப்பது தன் நாக்கு ஒன்றுதான். பிள்ளை ஒரு வருஷமாகத் தேடினது கிடைத்ததா இல்லையா என்று இனி வேறு யார் சொல்லப் போகிறார்கள்? ஒரே ஒரு வாய் வைத்துப் பார்த்தால்தான் என்ன? குடிகாரன் மூளைக்குச் சாக்குக் கண்டுபிடிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? பத்து வருஷம் சும்மா கிடந்தாலும் அந்த வேலையை மட்டும் அது மறக்காது.

அது அவருக்கே தெரியும் என்பதால்தான் பஷீர் அகமதுக்குப் போன் போட்டார். பஷீர் பாய்க்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. அவரும் ஒரு காலத்தில் குடித்துக் கவிழ்ந்து எழுந்தவர்தான். குடியை விட்டவர்கள் வாரா வாரம் கூடுகிற கூட்டத்தில் சகாயநாதனைக் கையைப் பிடித்து உட்கார வைத்தவர். போனில் ஒரு வார்த்தைதான் கேட்டார், அரை மணியில் வண்டியை விரட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எங்க இருக்கு?"

"ஃபிரிட்ஜுல, தயிர்ச் சட்டிக்குப் பின்னாடி."

"எடுத்துட்டு வா. போற வழியில காவேரியில வீசிட்டுப் போறேன்."

"முடியாது பாய். அது என் புள்ளை."

 பாய் திரும்பிப் போட்டோவைப் பார்த்தார்.

"ஒரு வாய் பாய். முழுங்க மாட்டேன். ருசி பாத்துட்டுத் துப்பிடுறேன்."

"சகாயம், இந்தக் கதையை எத்தனை பேர் வாயால கேட்டிருக்கேன் நான். துப்புறதுக்காகக் குடிச்சவன் எவன்யா இருக்கான்?"

"அப்போ நீங்க குடிச்சுச் சொல்லுங்க" என்று சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று சகாயநாதனுக்கு உறைத்தது. பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் துக்கத்திலும் ரெண்டு கிழவர்களும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சகாயநாதன் அழுதார்.

பாய் தோளில் கை வைத்தார். "இன்னும் பத்து நாள் போனா உனக்குப் பதினோரு வருஷம் முடியுது. எனக்கு உன் புள்ளையைத் திருப்பிக் குடுக்க முடியாது. உன்னை விட்டுட முடியாதுன்னு மட்டும்தான் சொல்ல முடியும். நாளைக்கு உங்களுக்குக் கல்லறைத் திருநாள்தானே? கொண்டு போயி அவன் தலைமாட்டுல ஊத்திடு. ஊத்திட்டு வெறும் கேனைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு."

"சரி பாய்" என்றார் சகாயநாதன். ஊற்றுவதற்கு முன்னால் ஒரு வாய், ஒரே ஒரு வாய், என்று மனசுக்குள் அப்போதே முடிவு பண்ணிவிட்டார். பாய் வண்டியைக் கிளப்பிப் போகும் வரை அவர் முகத்தைப் பார்க்காமலே நின்றார்.

நவம்பர் ரெண்டு. செத்தவர்களுக்கான நாள். பொன்மலைக் கல்லறைத் தோட்டத்தில் சாயங்காலம் நாலு மணிக்கே நிற்க இடமில்லை. சுண்ணாம்பு அடித்த கல்லறைகள் மேல் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் குவிந்து கிடந்தன. போனவர்களுக்கு எது பிடிக்குமோ அதைக் கொண்டு வந்து தலைமாட்டில் வைப்பது அங்கே வழக்கம். ஒரு கல்லறையில் மட்டன் பிரியாணிப் பொட்டலம், ஒன்றில் வெற்றிலைச் செல்லம், பள்ளிக்கூடம் போகிற வயசில் போன பிள்ளை ஒன்றுக்கு ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்.

பிராங்க்ளினுக்கு இன்னும் கல்லறை கட்டவில்லை. மண்மேடுதான், மரச் சிலுவைதான். லூர்துராணி மேட்டைச் சுற்றி மெழுகுவர்த்தி ஊன்றினாள், பூவைப் பரப்பினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை அவளுக்கு. தின்பதற்கு ஒன்றும் கொண்டு வரவில்லை. அவனுக்குப் பிடித்ததைச் செய்ய அடுப்பைப் பற்ற வைத்தாள், கை ஓடாமல் அணைத்துவிட்டாள்.

பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். லூர்துராணி முழங்காலில் இருந்தாள். சகாயநாதன் மஞ்சப் பையில் மெழுகுவர்த்திப் பெட்டிக்கு அடியில் கையை விட்டு, கேனை எடுத்து, திறந்தார்.

அந்தச் சத்தம் இருக்கிறதே, பதினோரு வருஷம் என்ன, நூறு வருஷம் ஆனாலும் மறக்காத சத்தம். நுரை பொங்கி விரலை நனைத்தது. வாசம் வந்தது. லூர்துராணி திரும்பிப் பார்த்தாள்.

"ஊத்தத்தான்" என்றார்.

ஊற்றுகிறவன் கை கீழே போகணும். சகாயநாதன் கை மேலே போனது. அவருக்கே தெரியாமல் போனது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தெரிந்துதான் போனது.

லூர்துராணி எழுந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னங்க."

"ஒரு வாய் லூர்து."

"வேணாங்க."

"அவன் என்ன செஞ்சான்னு தெரியாமயே நான் சாகணுமா? ஒரு வருஷமா அதையே நெனச்சுச் செஞ்சிருக்கான்டி. ஒரு மனுஷராவது வாயில வச்சு, வந்துச்சு வரலைன்னு சொல்ல வேணாமா?"

"இவனைக் குடுத்தாச்சு" என்றாள் அவள். குரல் எழும்பவே இல்லை. "உங்களையும் குடுக்கணுமா நான்?"

 அவர் பிடியை விடவில்லை. விட முடியவில்லை என்பதுதான் உண்மை. கேன் அவர் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவரும் இழுக்கிறார், அவளும் இழுக்கிறாள். கடைசியில் அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கேனைப் பிடுங்கினாள். சரி, இதையும் கொட்டப் போகிறாள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கொட்டுகிற சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால், லூர்துராணி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்து, கண்ணை இறுக மூடி, கேனை வாயில் வைத்துக் குடித்தாள்.

பக்கத்துக் கல்லறையில் பூப்போட்டுக்கொண்டிருந்த பெலிண்டா அப்படியே நின்றுவிட்டாள். மாதா சபையில் செயலாளர் அவள். ஒயின்ஷாப் முன்னால் லூர்துராணியோடு நாலு நாள் உட்கார்ந்தவள்.

"அக்கா! என்னக்கா இது, கல்லறைத் தோட்டத்துல..."

"என் புள்ளை செஞ்சது. ருசி பாக்குறேன். நீ போயி உன் வேலையைப் பாரு" என்றாள் லூர்துராணி.

சகாயநாதன் அவள் முகத்தையே பார்த்தார். முகம் சுருங்கியது. இருமினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"தூ!" என்றாள். "வாயில வைக்க முடியல. கழனித் தண்ணி. இதுக்குத்தான் இந்தப் பாடா? விடுங்க, ஒண்ணுமே இல்ல இதுல."

அவர் நம்பிவிட்டார். நம்பினவர் மண்மேட்டுப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ அவனுக்கு வரலையா?" என்றார். "மூணு தடவை காய்ச்சிக் கொட்டினானாமே. நாலாவது தடவையும் வரலையா? பாவம் லூர்து, அவன். எவ்வளவு ஆசையா செஞ்சிருப்பான்."

 புருஷன் அதைத் தொடக் கூடாது என்று லூர்துராணி சொன்ன பொய் அது. நல்ல பொய்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் தலைமாட்டில் நின்றல்லவா சொல்லிவிட்டாள்! உயிரோடு இருந்தவரை அவன் செய்ததைக் கேவலம் என்றாள். செத்த பிறகும், அவன் தனக்கென்று இடம் விட்டு வைத்துவிட்டுப் போன பிறகும், மறுபடி கேவலம் என்கிறாளே. மரச் சிலுவையைப் பார்த்தாள். கையிலிருந்த கேனைப் பார்த்தாள். மறுபடி வாயில் வைத்தாள். இந்தத் தடவை மெதுவாக, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.

"பொய்ங்க" என்றாள்.

"என்னது?"

"பொய் சொன்னேன். அந்தக் கிறிஸ்மஸ்ங்க இது. நீங்க விட்டப்புறம் வந்துச்சே, முதல் கிறிஸ்மஸ்."

சகாயநாதனுக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

குடியை விட்ட நாற்பத்து மூணாவது நாள் அது. பிராங்க்ளினுக்கு அப்போது பதினெட்டு வயசு. பூசை முடிந்து வந்து, மத்தியானம் மூணு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சகாயநாதன் கை டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஆடியது. எழுந்து கொல்லைப்பக்கம் வழியாக வெளியே போய்விடுவாரோ என்று லூர்துராணிக்குப் பயம். சமையலறையில் நின்று புட்டிங் கலக்கினவள், கண்ணையெல்லாம் அவர் மேலேயே வைத்திருந்தாள். பழத்தை வேக வைக்க மறந்து, பச்சையாகவே வெதுவெதுப்பான பாலில் கொட்டிவிட்டாள். பால் திரிந்து போனது. சக்கரையும் பாதிதான் போட்டிருந்தாள். முதல் தடவையாக ஒழுங்காகக் கிறிஸ்மஸ் கொண்டாடப் போகிறோம், இதுவும் கெட்டதே என்று அழுகிற மாதிரி நின்றாள். பிராங்க்ளின் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தான். அம்மா முகத்தைப் பார்த்தான், அப்பா முகத்தைப் பார்த்தான். "இன்னொரு கிண்ணம் போடும்மா" என்றான். சகாயநாதனும் கிண்ணத்தை நீட்டினார். புளிக்கப் புளிக்க, முகத்தைச் சுளித்துச் சிரித்துக்கொண்டே, மூணு பேரும் பாத்திரத்தை வழித்துத் தின்று தீர்த்தார்கள். வீட்டுத் தலைவன் கடைசிவரை எழுந்து போகாமல் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் கிறிஸ்மஸ் சாப்பாடு அது.

"நல்லா வந்த புட்டிங் எத்தனை செஞ்சு போட்டேன்" என்றாள் லூர்துராணி. "அதையெல்லாம் விட்டுட்டு இதைப் போயி எடுத்து வச்சிருக்கானேங்க. திரிஞ்ச பால் வாசம்கூட இருக்கு. எப்படிங்க கொண்டு வந்தான்?"

"புளிப்பு?"

"முதல்ல அதான் வருது. பல்லு கூசுது."

"பட்டை போட்டிருக்கானா?"

அவள் இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். "போட்டிருக்கான். கொஞ்சூண்டு."

"இனிப்பு இருக்கா?"

"இருங்க." குடித்தாள். "கடைசியில வருதுங்க. தொண்டைக்குள்ள போனப்புறம். கம்மிதான். நான் அன்னைக்குப் போட்ட அளவுதான்."

அவர் கேட்கக் கேட்க, அவள் ஒவ்வொரு வாயாகக் குடித்துச் சொன்னாள். நார் தட்டுப்படுதா என்று கேட்டார். பழத்தின் காரல் இருக்கா என்று கேட்டார். கேட்டதையே திரும்பவும் கேட்டார். அவளும் சலிக்காமல் திரும்பவும் குடித்துச் சொன்னாள். சகாயநாதன் நாக்கில் ஒரு சொட்டுப் படவில்லை, ஆனாலும் எச்சில் ஊறியது, கண்ணீர் வழிந்து வாய் வரை ஓடியது. கடைசியில் அவள் கேனைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை. அவர் தொட்டுவிடக் கூடாது என்று ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்திருந்தாள்.

"சரியா இருக்குன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருக்கும்போதே கிளம்பினார்கள். அறுபது வயசில் முதல் தடவையாகக் குடித்தது, அதுவும் வெறும் வயிற்றில். கல்லறைத் தோட்டத்து கேட்டைத் தாண்டினதும் லூர்துராணிக்குக் கால் பின்னியது. செருப்பு ஒன்று கழன்று போனது. சகாயநாதன் குனிந்து அதை எடுத்து மாட்டிவிட்டு, அவள் இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்துத் தாங்கினார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அந்தப் பத்தொன்பது வருஷமும் இந்த ரோட்டில் யார் யாரைத் தாங்கிக்கொண்டு போவார்கள் என்று பார்த்துப் பழகினவர்கள்தானே. பார்த்துவிட்டுப் போகட்டும்.

ரயில்வே காம்பவுண்டுச் சுவர் ஓரமாக மெதுவாக நடந்தார்கள். அவள் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

"ம்."

"நல்லா இருக்குடான்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ங்க. ரொம்ப நாளா பேசல பாருங்க, கோவமா இருப்பான். நீங்க போன் போட்டுக் குடுங்க, நான் பேசுறேன்."

சகாயநாதன் நின்றுவிட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நிஜமாகவே அவர் சட்டைப் பையில் போனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போயிடுவோம் லூர்து. போயி போடலாம்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? லீவுதானே அவனுக்கு?"

"ஆமா" என்றார். "லீவுதான்."

அவளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.